பேச்சு விழாத மூன்று மாதம்

என் வீட்டுக்காரர் கனகரத்தினத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரியும். மூன்றிலும் அவருக்கு வராதது வாயை மூடிக்கொண்டு இருப்பது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மொழி. போன வருடம் அதையும் மூன்று மாதத்துக்கு வாயால் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்த மூன்று மாதத்தில் இந்த மனிதர் அடித்த கூத்தை எழுதி வைக்காவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவர். பெயருக்குத்தான் கிளாக்கர். கப்பல்காரர் ஆங்கிலத்தில் கத்துவார்கள், அதிகாரிகள் சிங்களத்தில் கத்துவார்கள், மூட்டை இறக்குகிறவர்கள் தமிழில் கத்துவார்கள். நடுவில் நின்று ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வதுதான் இவருடைய உண்மையான வேலை. அதில் அவருக்கு ஒரு பெரிய கொள்கை இருந்தது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒருமுறை ஒரு கப்பல் கப்டன், வேலை தாமதம் என்று, மூட்டை இறக்குகிறவர்களின் தாய்மாரை இழுத்து ஏதோ சொல்லியிருக்கிறார். இவர் அதை அப்படியே, இலக்கணப் பிழை இல்லாத தமிழில், நிறுத்தி நிதானமாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மூட்டைகள் இருந்த இடத்தில் இறங்கின. அத்தனை பேரும் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார்கள். "கெதியாச் செய்யட்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே கனகரத்தினம்" என்று மேலதிகாரி தலையில் கைவைத்தாராம். "அவர் அப்பிடிச் சொல்லேல்லையே, சேர்" என்றாராம் இவர். இதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னவரை நான் என்ன செய்வது?

ஆனால் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ தெரியாது. சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கிய காலம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அந்தக் காலத்தில் பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் சனம் வரும். வாசித்துச் சொல்லி, பதில் எழுதி, தேவைப்பட்டால் சைக்கிளில் கூடவே போய் நின்று கதைத்துவிட்டு வருவார். ஒருவரிடமும் ஒரு பழம்கூட வாங்கியதில்லை. அவரை நான் மதிக்காமல் இல்லை.

நான் தவராணி. பாலையூற்றில் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, அரிசிமா, குரக்கன்மா. மெசின் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்கு மேலாகக் கத்தித்தான் வறுத்ததா பச்சையா, பொடியா நொய்யா என்று கேட்க வேண்டும். முப்பது வருடம் கத்தினேன். போன வருடம் தைப்பொங்கல் முடிந்து ஒரு காலையில் எழும்பினேன், குரல் கிழிந்த துணி மாதிரி வந்தது. பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், குரல்நாணில் கட்டி என்றார். வெட்டி எடுக்க வேண்டும், அதுவரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, குசுகுசுப்பது அதைவிட மோசம் என்றார். "கவனமில்லாம விட்டா குரல் திரும்பி வராமலும் போகலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். சத்தம் இல்லாமல் அழுவதற்கும் பழக வேண்டியிருந்தது.

எங்கள் மகள் கீர்த்தனி கொழும்பில் வேலை செய்கிறாள். ஆபரேஷனைக் கொழும்பிலேயே செய்யலாம் என்றாள். இவர் ஒப்பவில்லை. "அறைக்குள்ள கொண்டுபோகேக்க அம்மா தனிய. அங்க அவையள் சிங்களத்தில ஏதும் கேட்டா இவவுக்கு விளங்காது, பயந்துபோவா. சென்னையெண்டா எங்கட பாஷை. வெளிநாடெண்டாலும் பாஷை எங்கட" என்றார். கீர்த்தனி தெரிந்தவர்கள் மூலம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியை ஒழுங்கு செய்தாள், டொக்டரைப் பார்த்த அடுத்த நாளே ஆபரேஷன் என்று நாள் குறித்தாள், விசா எடுத்தாள். அதற்குள்ளேயே இரண்டரை மாதம் போய்விட்டது. புறப்படும்போது அவள் சொன்ன ஒரே புத்தி, "அப்பா, விளங்காட்டி இங்கிலிஷில கதையுங்கோ. வீண் பிடிவாதம் பிடிக்காதேங்கோ."

"தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில வெள்ளைக்காரன் எதுக்கு?" என்றார் இவர்.

சென்னையில் இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது, இந்தப் பயணம் நன்றாக வராது என்று. நான் மில்லைப் பூட்டிவிட்டு வந்து தினமும் இந்தியச் சீரியல் பார்க்கிறவள். அந்த மருமகள்மார் சண்டை பிடித்துப் பிடித்தே எனக்கு அந்த நாட்டுத் தமிழைப் பழக்கிவிட்டார்கள். இவர் சீரியல் ஓடினால் எழும்பிப் போய்விடுவார், அது கெட்ட தமிழாம். ஆகவே எங்கள் இருவரில் விளங்குகிறவளுக்கு வாய் இல்லை, வாய் இருக்கிறவருக்கு விளங்கவில்லை. "ஆறுதலா ஓட்டுங்கோ தம்பி" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னார். மெதுவாகப் போகச் சொல்கிறார் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, "யாரு சார் தவறிட்டாங்க?" என்று கேட்டார். இவர் ஒன்றும் விளங்காமல், "ஓம், ஓம்" என்றார். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, தானும் ஒருமுறை சாமி கும்பிட்டுக்கொண்டார்.

டொக்டரைப் பார்க்கும் நாளுக்காக ஒரு கொப்பியில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எப்போது தொடங்கியது, எப்படி நோகும், மில்லில் எத்தனை மணித்தியாலம் கத்துவேன், எல்லாம். அன்று காலை இவர் கலியாணவீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, டொக்டர் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று என்னையும் அவசரப்படுத்திக்கொண்டு இறங்கினார். லொட்ஜ் வாசலில் வாடகைக் கார் ஏறும்போதுதான் கொப்பி அறையிலேயே கிடப்பது நினைவு வந்தது. கையால் எழுதுவது போலக் காட்டினேன். விளங்கிக்கொண்டு மனேஜரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, பன்ரெண்டாம் நம்பர்த் திறப்பை ஒருக்காத் தாங்கோ."

"எதைத் திறக்கணும் சார்?"

"அறையைத்தான். அதின்ர திறப்பு."

"ரூமைத் திறந்துட்டுத்தானே சார் வந்தீங்க?"

"அது பூட்டியாச்சு. இப்ப திறக்கிறதுக்குத் திறப்பு வேணும்."

மனேஜர் பாவம், உதவி செய்யத்தான் நினைத்தார். "திறப்பு விழாவுக்கு வந்திருக்கீங்களா சார்? எங்க நடக்குது?" என்று கேட்டார். நான் நடுவில் புகுந்து கையைத் திருகிக் காட்டினேன். "ஓ, சாவியா" என்று திரும்பிப் பலகையைப் பார்த்தார். பன்னிரண்டாம் கொளுக்கி வெறுமையாக இருந்தது. "சாவி உங்ககிட்டதான் இருக்கணும் சார்."

"நான் தந்திட்டன்" என்றார் இவர். அத்தோடு விட்டாரா? சாவி என்பது போர்த்துக்கேயன் தந்த சொல், திறப்புத்தான் தூய தமிழ் என்று அந்த மனிதருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். நடத்தியதோ அங்கே கிடந்த கதிரையில் கையை ஊன்றிக்கொண்டு. நாற்காலிக்கு நாங்கள் சொல்லும் கதிரையும் போர்த்துக்கேயன் தந்ததுதானே என்று கேட்க வாய் துடித்தது. வெளியே கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். கொப்பி இல்லாமலே போனோம்.

டொக்டர் இளவயது. முகம் நல்ல முகம், கதை மட்டும் வேகம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த தொண்டைப் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க சார், அம்மாவுக்கு என்ன பிரச்சினை?" என்றார்.

"அவவுக்குக் கதைக்க ஏலாது. கதைக்க வேண்டாமெண்டு எங்கட டொக்டரும் சொன்னவர்."

"கதையெல்லாம் வேணாம் சார். நேரா விஷயத்துக்கு வாங்க."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

நான் மேசையில் கிடந்த பேனையை எட்டினேன். அதே நேரம் டொக்டர் அதை எடுத்து எழுதத் தொடங்கினார். இவர் என் கையைப் பிடித்து அமத்தி, "இரும், நான் சொல்லுறன்" என்றார். என்னை அவர் இரு, வா என்பதில்லை; இரும், வாரும் என்றுதான் சொல்வார்.

"கட்டி ரொம்பச் சின்னதா இருக்கு. இதுக்குக் குரல் இவ்வளவு போகாதே" என்று டொக்டர் என்னைப் பார்த்தார். "தூக்கம் எப்படி?"

"நித்திரை வாறது அருமை."

"அருமையா வருதா? நல்லது." அதை எழுதிக்கொண்டார். நித்திரை எப்போதாவதுதான் வருகிறது என்று இவர் சொன்னதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "இவங்க நிறையப் பேசுவாங்களா?"

எங்கள் ஊரில் வாயால் சொல்வதெல்லாம் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது, திட்டுவது. வாத்தியார் பேசினார் என்றால் பிள்ளை அழுதுகொண்டு வரும். இது அந்த டொக்டருக்குத் தெரிய நியாயமில்லை. இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூன்று மொழி தெரிந்தவர். இவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டிக்கொடுக்கப் போகிறோமே என்ற கவலை அந்த முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கொள்கை இருக்கிறதே, சொன்னதைச் சொன்னபடி.

"டொக்டரிட்ட மறைக்கக் கூடாது. சரியாப் பேசுவா. காலமை எழும்பினா எனக்குப் பேச்சுத்தான்."

"மத்தவங்ககிட்ட?"

"ஒரு நாளும் பேச மாட்டா. அவ அப்பிடியான ஆளில்ல."

"ஒருத்தர்கிட்டகூடவா?"

"முப்பது வருசமா மில் நடத்துறா, டொக்டர். வாற சனத்துக்கு ஒரு சொல்லுப் பேசினவ எண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்."

"மில்லுன்னா சத்தமா இருக்குமே. கத்திப் பேச வேண்டியிருக்காதா?"

"கத்திப் பேசினா ஆர் வருவினம்? எப்பவும் சிரிச்ச முகம் அவவுக்கு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். என்னைப் பற்றி நல்லது சொல்கிறாராம். கலியாணம் முடித்து முப்பத்திரண்டு வருடத்தில் வெளியாள் முன்னால் என்னைப் புகழ்ந்தது அன்றுதான், அதுவும் இப்படி. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். தலையை ஆட்டினேன். மேசையில் தட்டினேன். "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு டொக்டர் அதையும் எழுதினார்.

எழுதி முடித்துப் பேனையை மூடினார். "சார், குரலை அதிகமா உபயோகிக்கிறவங்களுக்குத்தான் இந்த மாதிரி கட்டியால பிரச்சினை வரும். இவங்க உங்ககிட்ட மட்டும்தான் பேசறாங்க. இப்ப அதுவும் நின்னுபோச்சு. இது மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். நாளைக்கு ஆபரேஷன் வேணாம். முதல்ல கவுன்சலிங் போங்க, அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? ஞாயிற்றுக்கிழமை அவர் வெளிநாடு போகிறார், திரும்ப ஆறு வாரம் என்று வாசலிலேயே ஒட்டியிருந்தது. எங்கள் விசா அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இவருக்கு வந்தது கோபம். புருஷனைத் திட்டுவது மனநோய் என்று டொக்டர் சொல்வதாகத்தான் அவர் விளங்கிக்கொண்டார். "மனுசனுக்குப் பேசுறது ஒரு வருத்தமோ, டொக்டர்? அப்பிடியெண்டா பாலையூற்றில உள்ள முழுப் பொம்பிளையளையும் இஞ்ச கொண்டுவர வேணும்."

எங்கள் வருத்தம் நோய். அவர்களுடைய வருத்தம் கவலை. "வருத்தப்படாதீங்க சார், எல்லாம் சரியாகிடும்" என்று டொக்டர் அன்பாக அவருடைய தோளில் தட்டி அனுப்பினார்.

வெளியே வந்து சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்தோம். "இந்த டொக்டருக்குத் தமிழ் விளங்கேல்ல" என்றார் இவர். அந்த நேரத்தில் என் குரல் போனாலும் போகட்டும், ஒரே ஒரு தரம் வாய் திறந்து இந்த மனிதனைக் கிழித்துவிடலாமா என்று வந்தது. உண்மையாக வந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். பிறகு, இவ்வளவு நாள் காத்த குரலை இதற்காகவா செலவழிப்பது என்று மூடிக்கொண்டேன். அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தேன். அவர் தன் பாட்டில் கோட்டில் ஒட்டியிருந்த நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கவுன்சலிங் அறையில் இருந்தவர் என் வயதுப் பெண். அவசரம் இல்லாதவர். என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு இவரைப் பார்த்து, "சார், இவங்க பேசாம இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகினார்.

"என்னத்தைச் சொல்ல அம்மா. ரெண்டரை மாசமா எனக்கு ஒரு பேச்சு விழேல்ல. மில்லைப் பூட்டாம வந்தாலும் பேச்சில்ல. அடுப்பில பாலைப் பொங்க விட்டாலும் பேச்சில்ல. நான் என்ன பிழை விட்டாலும் பாத்துக்கொண்டு இருக்கிறா. எனக்கு அந்த வீட்டுக்குள்ள இருக்க ஏலாமக் கிடக்கு." மூக்கை உறிஞ்சினார். "குரல் வராமல் போகலாமெண்டு எங்கட டொக்டர் சொன்னவர். அவவுக்கு முன்னால நான் அதைப் பற்றிக் கதைக்கிறேல்ல. எனக்கு அவ பேச வேணும், அம்மா. வேறொண்டும் வேண்டாம்."

நான் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் இந்த மனிதருக்கு ஒரு கவலையும் இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். ஊமைப் பெண்சாதி கிடைத்தாள் என்று நிம்மதியாக இருக்கிறார் என்றுகூட ஒருநாள் கோபத்தில் நினைத்திருக்கிறேன்.

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார். "பேச்சு விழறதுன்னா? பேச்சு எப்படி சார் விழும்?"

அதுதான் எனக்குக் கிடைத்த வாசல். மேசையில் இருந்த தாளையும் பேனையையும் கேட்காமலே இழுத்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன். எங்கள் ஊரில் கதைத்தல் என்றால் உங்கள் பேசுதல். பேசுதல் என்றால் உங்கள் திட்டுதல். நான் தினமும் எட்டு மணித்தியாலம் மில் சத்தத்துக்கு மேலாகக் கத்துகிறேன், முப்பது வருடமாக. என் வீட்டுக்காரரைத் தவிர வேறு ஒருவரையும் திட்டுவதில்லை. எனக்கு நித்திரை வருவதில்லை. மனம் நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஆபரேஷன் வேண்டும்.

அவர் வாசித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்காமல் தாளை இவரிடம் நீட்டினார். இவர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். காது இரண்டும் சிவந்துபோயின. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூன்று மொழிக்காரரைச் சேர்த்துவைத்தவர், தன் சொந்த மொழியில் விழுந்து எழும்பத் தெரியாமல் இருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது. இன்னும் கோபமாகவும் இருந்தது.

தாளைத் தானே டொக்டரிடம் கொண்டுபோவதாக அந்த அம்மா சொன்னார். இவர் விடவில்லை. "நான் குழப்பினது. நானே போய்ச் சொல்லுறன்." என்னையும் கூட்டிக்கொண்டு டொக்டரின் அறை வாசலில் போய் நின்றார். கதவு திறக்கும் வரை உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறாராக்கும் என்று பார்த்தேன். பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "தப்பு என்னுது சார். இவங்க தினமும் எட்டு மணி நேரம் மில்லுல கத்திப் பேசறாங்க. எல்லார்கிட்டயும் பேசறாங்க. திட்டறது என்னை மட்டும்தான். தூக்கமே வர்றதில்ல சார். தயவு செஞ்சு ஆபரேஷன் பண்ணுங்க."

அவர் வாயில் அந்தத் தமிழ், அளவில்லாத சட்டை மாதிரித் தொங்கியது. ஆனால் ஒரு சொல்லும் பிழையாகவில்லை. டொக்டர் படங்களைத் திரும்ப எடுத்தார். என் தொண்டைக்குள் அவரே குழாய் விட்டுப் பார்த்தார். கட்டிக்குக் கீழே இன்னொன்று ஒளித்துக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலைல ஏழு மணி. வெறும் வயித்தோட வாங்க" என்றார்.

லொட்ஜில் மனேஜர் மாற்றுச் சாவி எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். இவர் மறுபேச்சில்லாமல் "நன்றிங்க" என்றார். பிறகு என் கொப்பியின் வெறும் பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் எங்கள் சொல், மறுபக்கம் அதற்கு அவர்கள் சொல்.

அடுத்த நாள் காலையில் என்னை உள்ளே கொண்டுபோனபோது இவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பச்சை உடுப்புப் போட்ட ஒரு நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கம்மா. கண்ணை மூடி நூறுல இருந்து பின்னாடி எண்ணுங்க, மனசுக்குள்ள" என்றது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்த விஷயத்தில் இவர் சொன்னது சரிதான். தொண்ணூற்று நான்கு வரை எண்ணினது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது இவர் கட்டிலருகில் இல்லை. எங்கே போய்த் தொலைந்தார் என்று பார்த்தால் எதிர்க் கட்டிலில் நிற்கிறார். அங்கே எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிண்ணியாவில் இருந்து வந்த ஸெய்னுதீன் நானா, நேர்ஸிடம், "வயித்தால போகுது பிள்ள" என்கிறார். "எங்க சார் போகுது?" என்று அவள் கேட்கிறாள். இவர் கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு, "லூஸ் மோஷன்னு சொல்றாருங்க" என்கிறார். தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில் வெள்ளைக்காரனைக் கடைசியில் இவரே கூட்டிவந்துவிட்டார். மூன்று நாளில் அந்த வார்ட்டில் எங்கள் நாட்டுக்காரர் யார் வந்தாலும், "திருகோணமலை சாரைக் கூப்பிடுங்க" என்று ஆகிவிட்டது. கட்டில் கட்டிலாகப் போய்த் தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்தார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று காட்டத்தான் ஆள் இருக்கவில்லை.

இரண்டு வாரம் முழு மௌனம், பிறகு மெல்ல மெல்லத் தொடங்கலாம், கத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குரல் எப்படி வரும் என்று கேட்டதற்கு டொக்டர், "பேசும்போதுதான் தெரியும்" என்றார்.

பாலையூற்றுக்கு வந்த பிறகு மில்லை இவர்தான் பார்த்தார். மெசின் சத்தத்தில் சனம் சொல்வது விளங்காமல் பச்சை மல்லியை வறுத்த மல்லியோடு கலந்தார். பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் அவருடைய கோட்டைத் துடைத்து அலுமாரியில் மாட்டப் போனபோது உள்பையில் ஏதோ கனத்தது. கையை விட்டேன். பித்தளைத் தகடு, அதில் பன்னிரண்டு என்று வெட்டியிருந்தது, அதோடு ஒரு சாவி.

அன்று காலை அந்த மனேஜரிடம் இவர் பாடம் நடத்தும்போது அது இவருடைய நெஞ்சோடுதான் கிடந்திருக்கிறது. கொப்பி கையில் இருந்திருந்தால் நான் டொக்டரிடம் நீட்டியிருப்பேன், ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். இன்னும் நான்கு நாள் இருந்தது. அதை என் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் காலையில் இவர் குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார். கையில் கொப்பியும் பேனையும். என் முதற் சொல்லை எழுதி வைத்துக் கீர்த்தனிக்கு அனுப்ப வேண்டுமாம். முகம் கழுவி, திருநீறு பூசி, சவரம் செய்து வந்திருந்தார். நான் நினைத்தது வேறு. வாயைத் திறந்து ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது?

முடிச்சை அவிழ்த்து அதை மேசையில் வைத்தேன்.

"இது என்ன?" என்றேன்.

மெலிந்துதான் வந்தது. கரகரப்பும் போகவில்லை. ஆனால் என் குரல். எனக்கே அடையாளம் தெரிந்தது.

அவர் என்னையும் பார்த்தார், அதையும் பார்த்தார். "திறப்பு" என்றார்.

"எந்தத் திறப்பு?"

தகட்டைப் புரட்டி நம்பரைப் பார்த்தார்.

"கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு அந்த மனுசனிட்டத் திறப்புக் கேட்டனீங்கள் என்ன? போர்த்துக்கேயன் கதை சொன்னனீங்கள். கதிரையில கைய வைச்சுக்கொண்டு. என்ர கொப்பி அங்க கிடக்க, நான் மனசு பிழைச்ச விசரியாப் போய் இருந்தன். நீங்கள் படிச்ச மூண்டு பாஷையையும் கொண்டுபோய்க் கடல்ல போடுங்கோ. பச்சை மல்லியையும் வறுத்த மல்லியையும் கலந்தனீங்கள், அதையும் பாத்தனான். பால் பொங்கினதையும் பாத்தனான். எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

டொக்டர் சொன்னபடி ஒரு சொல்லும் கத்தாமல், மெதுவாகவே சொன்னேன். கடைசியில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்தினேன்.

கொப்பியில் ஒரு எழுத்தும் இல்லை. பேனை கீழே விழுந்து அடுப்படிக்கு உருண்டு போயிருந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. பூசிய திருநீறு கன்னத்தில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"பேசும்" என்றார். "இன்னும் கொஞ்சம் பேசும்."